கோபம் அவருடையதா, என்னுடையதா? நம் மனதை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்ப்பது பற்றி

இலைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி இது. என் கணவர், நெருக்கடி வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிற ஆள். அவர் மௌனமானதும் எனக்கு உடனே தோன்றுவது, ‘என் மேல் கோபமாக இருக்கிறார்’ என்பதுதான். கேட்டால் இல்லை என்பார். நான் விடாமல் கேட்பேன். கடைசியில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். ‘இதைத்தானே அப்போதிருந்து சொல்கிறேன்’ என்று நானும் முடித்துவிடுவேன். சமீபத்தில் ஒருநாள் அவர் நிதானமாகவே சொன்னார்: “கோபமாக இருப்பது நீதான். அது எனக்கு இருப்பதாகச் சொல்கிறாய்.”

புரொஜெக்ஷன் என்று இதைச் சொல்கிறார்கள். நம் மனதில் இருந்தும் நாம் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அடுத்தவரிடம் இருப்பதாகப் பார்ப்பது. விளக்கம் புரிகிறது. ஆனால் அவருக்கு உண்மையிலேயே கோபம் இருந்து நான் கண்டுபிடித்த நாட்களும் உண்டு. அப்போதும் எனக்கு இதே உறுதிதான், இப்போதும் இதே உறுதிதான். உள்ளிருந்து பார்க்கிற எனக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்போது, எது எது என்று எப்படிப் பிரித்து அறிவது?

நீள்கரை எழுதியது:

இலைநிழல், நல்ல கேள்வி. தம்பதியருக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் ‘அவர்தான் புரொஜெக்ட் செய்கிறார், எப்படி நிறுத்துவது’ என்றுதான் வருவார்கள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1895 ஜனவரியில் தன் நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸுக்கு அனுப்பிய ஒரு வரைவில் இதைப் பற்றி எழுதினார். ஒருவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டிய இடத்தில், அந்தக் குற்றச்சாட்டு வெளியாட்களிடமிருந்து வருவதாக உணர்கிறார் என்பது அவர் கண்டது. பழி அதே பழிதான், அது இருக்கும் இடம்தான் மாறுகிறது. வெளியே யாரோ சொல்வதாக இருந்தால் அதை மறுக்கலாம், எதிர்த்துச் சண்டை போடலாம். உள்ளேயே எழுந்தால் அப்படித் தப்பிக்க வழி கிடையாது. அந்த வசதிக்காகத்தான் மனம் இதைச் செய்கிறது.

1922இல் பொறாமை பற்றி எழுதியபோது அவர் சொன்ன இன்னொரு விஷயம் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தன் மனம் வேறொருவர் பக்கம் சாய்வதை ஒப்புக்கொள்ள முடியாதவர், தன் துணையின் மனம் சாய்வதாகச் சந்தேகிக்கிறார். ஆனால் ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் யாரும் இப்படி ஏற்றிப் பார்ப்பதில்லை என்கிறார். தன் உள்ளத்தைப் பார்க்க வேண்டிய கவனத்தை எடுத்து அடுத்தவர் உள்ளத்தின் மேல் வைத்துவிட்டதால், அங்கே இருக்கும் சின்ன அசைவுகூட அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே ‘அவருடையதா, என்னுடையதா’ என்ற கேள்வியையே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு பேரிடமும் இருக்கலாம். அவரிடம் ஒரு துளி எரிச்சல் இருந்திருக்கும். மீதியை நீங்கள் சேர்த்திருப்பீர்கள். அந்தக் குணம் அவரிடம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து நான் பார்ப்பதில்லை. நம் எதிர்வினையின் சூட்டைப் பார்க்கச் சொல்வேன். விஷயத்தின் அளவுக்கு மேல் சூடு ஏறுகிறதா? அவர் ‘இல்லை’ என்று சொன்னதும் நிம்மதி வருகிறதா, அல்லது ஏமாற்றம் மாதிரி ஏதாவது வருகிறதா? இதே குற்றச்சாட்டை வேறு ஆட்களிடமும், வேறு உறவுகளிலும் கண்டிருக்கிறீர்களா? என் அனுபவத்தில் நடுவில் உள்ள கேள்விதான் அதிகம் உதவுகிறது. வெறுமனே சந்தேகப்பட்டவருக்கு மறுப்பு கேட்டால் ஆறுதலாக இருக்கும். ஏற்றிப் பார்ப்பவருக்கு அந்த மறுப்பைத் தாங்க முடியாது.

கணக்கன் எழுதியது:

நீள்கரை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனாலும் ஆராய்ச்சிப் பக்கம் இருந்து ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஃபிராய்ட் சொன்னார் என்பதால் மட்டும் இது நிரூபணம் ஆகிவிடவில்லை.

1936இல் ராபர்ட் சியர்ஸ் என்ற உளவியலாளர் ஒன்றாக வாழும் கல்லூரி மாணவர்களை ஒருவரையொருவர் மதிப்பிடச் சொன்னார். கஞ்சத்தனம், பிடிவாதம் மாதிரியான குணங்கள். தன்னிடம் அது இருப்பதை உணராத மாணவர்கள் மற்றவர்களிடம் அதை அதிகம் கண்டார்கள் என்பது அவர் முடிவு. பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்கிடும் முறையையே கேள்வி கேட்டார்கள். 1968இல் டேவிட் ஹோம்ஸ் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கே தெரியாத குணத்தை ஒருவர் பிறர் மேல் ஏற்றுகிறார் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்.

கதை அதோடு முடியவில்லை. 1997இல் நியூமன், டஃப், பௌமைஸ்டர் மூவரும் வேறு வழியில் போனார்கள். பங்கேற்றவர்களிடம் ‘உங்களிடம் இந்தக் கெட்ட குணங்கள் இருப்பதாகத் தெரிகிறது’ என்று சொல்லி, அவற்றில் ஒன்றைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார்கள். பிறகு வேறொருவரைப் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். எந்தக் குணத்தை நினைக்காமல் அடக்கினார்களோ, அதையே அந்த மூன்றாம் மனிதரிடம் அதிகமாகக் கண்டார்கள்.

காரணமும் புரிகிறது. 1987இல் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லிச் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை நினைக்கக் கூடாது என்றால் அது வருகிறதா என்று மனம் காவல் காக்க வேண்டும். காவல் காப்பதாலேயே அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. எதிரே இருப்பவர் தெளிவில்லாமல் ஏதாவது செய்தால், அந்தச் சொல்தான் முதலில் வாய்க்கு வருகிறது. இந்த விளக்கத்தில் ஆழ்மன மர்மம் எதுவும் தேவைப்படுவதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் நடப்பதில் பாதிக்கு மேல் இந்த வகையே கிடையாது என்பது என் எண்ணம். எல்லோரும் நம்மைப் போலத்தான் என்று சும்மா எடுத்துக்கொள்கிறோம். 1977இல் லீ ராஸும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களை ஒரு விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தில் நடக்க முடியுமா என்று கேட்டார்கள். சம்மதித்தவர்கள் ‘பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள்’ என்றார்கள். மறுத்தவர்கள் ‘பெரும்பாலானோர் மறுப்பார்கள்’ என்றார்கள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, வலியும் இல்லை. இலைநிழல் அவர்களே, நீங்கள் கோபம் வந்தால் மௌனமாகிற ஆளா? அப்படியானால் அவர் மௌனத்தையும் கோபம் என்று படித்திருப்பீர்கள். அது வெறும் மொழிபெயர்ப்புப் பிழை. ஒருமுறை பேசினாலே சரியாகிவிடலாம்.

தூரத்துமணி எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்தச் சொல் எனக்கு அடியாகத்தான் வந்து விழுந்தது.

முன்பு ஒரு உறவில் இருந்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஊகம் கிடையாது, அவரே அனுப்பிய செய்திகளைப் பார்த்திருந்தேன். கேட்டபோது பதில், “உன் மனதில்தான் துரோகம் இருக்கிறது, அதை என்மேல் புரொஜெக்ட் செய்கிறாய்” என்று வந்தது. நான் நம்பினேன். அதுதான் கொடுமை. நான் என்னையே ஆராய்ந்து பார்க்கிற ஆள், என் குறையை முதலில் தேடுகிற ஆள். அதனால் அந்தச் சொல் எனக்குள் நன்றாகவே வேலை செய்தது. கண்ணால் பார்த்ததைக்கூட என் மனக்கோளாறு என்று ஒதுக்கினேன்.

இந்த இழையைப் படிக்கும் யாராவது இப்போது அதே நிலையில் இருக்கலாம். தயவுசெய்து ‘சூடு அதிகமா’ என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். ஏமாற்றப்பட்டவருக்கும் சூடு அதிகமாகத்தான் இருக்கும்.

நீள்கரை எழுதியது:

தூரத்துமணி, நீங்கள் சொன்னதை முதல் பதிவிலேயே நான் சேர்த்திருக்க வேண்டும். நன்றி.

எதிரே இருப்பவரை இந்தச் சொல்லால் விளிப்பதையே நான் என் அறையில் அனுமதிப்பதில்லை. ‘நீ புரொஜெக்ட் செய்கிறாய்’ என்று யார் சொன்னாலும் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒப்புக்கொண்டால் குற்றவாளி, மறுத்தால் ‘பார், மறுக்கிறாய்’ என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் அடுத்தவர் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று தானே தீர்மானமாகச் சொல்கிறார் பாருங்கள், ஏற்றிப் பார்ப்பதும் அதே காரியம்தான். ‘நான் ஏற்றிப் பார்க்கிறேனோ’ என்று தன்னைப் பற்றிக் கேட்கும்போது மட்டுமே இந்தச் சொல்லுக்குப் பயன் உண்டு.

அப்புறம், உங்கள் அனுபவத்திலும் இலைநிழலின் அனுபவத்திலும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் பார்த்தது செயல். செய்தி இருந்ததா, பொய் சொன்னாரா, பணத்தை எடுத்தாரா, கை ஓங்கினாரா என்பவை நடந்தன அல்லது நடக்கவில்லை. மூன்றாம் ஆள் ஒருவர் வந்து சரிபார்க்க முடியும். இலைநிழல் சொல்வது நோக்கத்தை. கணவர் மௌனமாக இருந்தார் என்பது செயல், ‘என் மேல் கோபத்தில் இருந்தார்’ என்பது இலைநிழல் சேர்த்தது. அந்தச் சேர்க்கையில்தான் நம் மனம் புகுந்துகொள்கிறது. எப்போதெல்லாம் ‘அவர் வேண்டுமென்றே’, ‘என்னை மட்டம் தட்டத்தான்’, ‘மனதுக்குள் சிரித்திருப்பார்’ என்று வாக்கியம் போகிறதோ, அங்கே ஒருமுறை நின்று பார்க்கலாம்.

நடந்ததைப் பற்றிய உறுதியைக் கைவிடச் சொல்லி யார் கேட்டாலும், எந்த உளவியல் சொல்லைக் கொண்டு கேட்டாலும், கைவிட வேண்டாம்.

பாதிவழி எழுதியது:

குறள் 190 நினைவுக்கு வருகிறது. அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கு ஏது என்று கேட்பது. அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்: புறங்கூறாமை. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசும்போது, அவர் நோக்கம் என்ன என்பதை நாம்தான் இட்டு நிரப்புகிறோம். மறுக்க அவர் அங்கே இல்லை. நீள்கரை சொன்ன சேர்க்கை தடையில்லாமல் நடக்கும் இடம் அதுதான்.

விண்மீன்கூடு எழுதியது:

எல்லோரும் கெட்ட குணங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நல்லதையும் ஏற்றிப் பார்க்கிறோமே. எனக்கு அதுதான் இன்னும் பெரிய சிக்கலாகத் தெரிகிறது.

உளவியலாளர் கார்ல் யுங் இதைப் பற்றி நிறையச் சிந்தித்தவர். காதலில் விழும்போது எதிரே இருக்கும் மனிதரை விட, நமக்குள் இருக்கும் ஓர் ஆண் அல்லது பெண் உருவத்தையே முதலில் பார்க்கிறோம் என்பது அவர் கருத்து. நாளாக ஆக மனிதர் வெளியே தெரியவும், ‘நீ மாறிவிட்டாய்’ என்கிறோம். அவர் மாறவே இல்லை.

ஆனால் இதைக் கெடுதல் என்று மட்டும் சொல்லவும் முடியாது. 1996இல் சாண்ட்ரா மர்ரேயும் உடன் ஆய்வாளர்களும் தம்பதியரை ஆராய்ந்து, துணை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை விடவும் நல்லவராகத் துணையைப் பார்ப்பவர்கள் அதிக நிறைவோடு இருக்கிறார்கள் என்று கண்டார்கள். 2007இல் எட்வர்ட் லெமேயும் உடன் ஆய்வாளர்களும் கண்டது, துணையின் தேவைகளில் அக்கறை காட்டுகிறவர், துணையும் தன் மேல் அதே அக்கறை காட்டுவதாக உணர்கிறார் என்பது. துணை உண்மையில் காட்டியது ஒரு பங்கு என்றால், தன் அன்பே திரும்பித் தெரிவது இன்னொரு பங்கு.

எனக்குக் கவலை தருவது வேறு. ‘தைரியம் எல்லாம் அவருக்குத்தான், எனக்கு வராது’ என்று இருபது வருடமாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவது போலவே தைரியத்தையும் கொடுத்துவிடலாம். அப்புறம் எந்த முடிவையும் தானாக எடுக்க மாட்டார்கள். அந்தத் துணை நோயில் விழுந்தாலோ விலகிப் போனாலோ, இவரிடம் பாதி ஆள்தான் மிச்சம். உங்கள் துணையிடம் நீங்கள் அளவுக்கு மீறி வியக்கும் குணம் எது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அது உங்களிடம் ஏன் இல்லை, அல்லது இருந்தும் ஏன் எடுக்கவில்லை?

இலைநிழல் எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். கணக்கன், நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், கோபம் வந்தால் நான் மௌனமாகிற ஆள்தான். அதை இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஆனால் அது மட்டும்தான் என்றும் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி வருவதில்லை. நீள்கரை அந்தக் கேள்வியில் என்னைப் பிடித்துவிட்டார்.

இப்போது அடுத்த சந்தேகம். ‘உன்னையே பார்’ என்கிறீர்கள். உட்கார்ந்து யோசித்தால் எனக்குக் கிடைப்பது நான் ஏற்கெனவே நம்பும் கதைதான். எதை ஒப்புக்கொள்ளவில்லையோ, அது எனக்கு எப்படித் தெரியும்?

கணக்கன் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி. தனியாக யோசிப்பதால் கிடைப்பது குறைவு. 1977இலேயே நிஸ்பெட், வில்சன் இருவரும் இதைக் காட்டினார்கள்: ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் மனிதர்கள் தயங்காமல் காரணம் சொல்கிறார்கள். ஆனால் உண்மையில் அவர்களைத் தூண்டியது பல சமயம் அந்தக் காரணம் இல்லை.

2010இல் சிமின் வசீர் செய்த ஆய்வு இன்னும் பயனுள்ளது. பதற்றம், சுயமதிப்பு மாதிரி உள்ளே நடப்பவற்றை நாமே மற்றவர்களை விட நன்றாக அறிகிறோம். புத்திசாலித்தனம் மாதிரி, ‘எனக்கு இருக்க வேண்டும்’ என்று நாம் ஆசைப்படும் குணங்களில் நண்பர்களின் மதிப்பீடே நம்முடையதை விடச் சரியாக இருந்தது. ஆகவே ‘எனக்குப் பயமாக இருக்கிறதா’ என்று உங்களையே கேளுங்கள். ‘நான் நியாயமாக நடந்துகொள்கிறேனா’ என்பதை, உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களுக்குத் தலையாட்டாத ஒருவரிடம் கேளுங்கள்.

நீள்கரை எழுதியது:

அதோடு உடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால்தான் மனம் கதை சொல்லும். ‘அவர் மௌனமான அந்த நிமிடத்தில் என் உடலில் என்ன நடந்தது’ என்று கேட்டால் பதில் சின்னதாக இருக்கும், ஆனால் நம்பலாம். தாடை இறுகியதா, வயிறு கலங்கியதா? என்னிடம் வருகிறவர்களில் பலர் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்படிப் பார்த்தபோது பயமாக இருந்திருக்கிறது. விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம்.

உங்கள் முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது: ‘கடைசியில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும்’. அதை யாரும் எடுக்கவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைன் 1946இல் ஏற்றிப் பார்ப்பதன் ஒரு வடிவத்தை விவரித்தார். அவர் வழியில் பின்னால் வந்தவர்கள் அதை விரித்து, நாம் ஏற்றியதை எதிரே இருப்பவர் உண்மையிலேயே உணரும்படி நடந்துகொள்கிறோம் என்றார்கள். 1998இல் ஜெரால்டின் டவ்னியும் உடன் ஆய்வாளர்களும் காதல் இணைகளை ஆராய்ந்தபோது, நிராகரிப்பை எளிதில் எதிர்பார்க்கும் பெண்கள் கருத்து வேறுபாட்டின்போது நடந்துகொண்ட விதமே துணையின் கோபத்தைத் தூண்டியதைக் கண்டார்கள். பயந்ததே நடக்கிறது, நடந்ததும் பயம் சரி என்று உறுதியாகிறது. அந்த வட்டத்தை அறுக்க அவர் மனதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை. மூன்றாவது முறை கேட்காமல் இருந்தால் போதும்.

இலைநிழல் எழுதியது:

கேட்காமல் இருப்பதற்குப் பதில் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டால் நானும் மௌனம், அவரும் மௌனம்.

நீள்கரை எழுதியது:

நோக்கத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். ‘நீங்கள் மௌனமாக இருக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போது பேச முடியும் என்று மட்டும் சொல்லுங்கள்.’ இதில் அவர் மறுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒருமுறை சொன்னால் போதும். அவர் ‘நாளைக்கு’ என்றால் நாளை வரை அந்தப் பயத்தோடு இருக்க வேண்டியது உங்கள் பங்கு. அது கடினம், தெரியும். நாளை வந்ததும் பேச வேண்டியது அவர் பங்கு. அதை அவர் தொடர்ந்து தட்டிக்கழித்தால், அது செயல். அதைச் செயலாகவே எடுத்துப் பேசலாம்.

தூரத்துமணி எழுதியது:

நம் மேல் யாராவது ஏற்றிப் பார்த்தால்? இப்போதைய உறவில் எனக்கு அது எப்போதாவது நடக்கிறது. நல்ல மனிதர்தான். ஆனால் நான் சொல்லாததைச் சொன்னேன் என்பார்.

நீள்கரை எழுதியது:

விளக்கம் கொடுத்துக்கொண்டே போக வேண்டாம், அவருக்கு நோயின் பெயர் சூட்டவும் வேண்டாம். ‘நான் அப்படி நினைக்கவில்லை. நான் சொன்னது இது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ‘எதைக் கேட்டதும் உங்களுக்கு அப்படித் தோன்றியது’ என்று கேளுங்கள். நல்ல மனிதர் என்றால் அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் தேடுவார், சில சமயம் ஒரு நாள் கழித்து. தேடவே மாட்டேன் என்கிறவரோடு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேசுவது நல்லது. பேசினாலே அடி விழும், அல்லது பேசவே பயம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் இங்கே எழுதிய வழிகள் பொருந்தாது. அவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்தையும் நம்பிக்கையான ஓர் ஆளையும் தேடிக்கொள்ள வேண்டும், மனதை ஆராய்வது பிறகு.

இலைநிழல் எழுதியது:

‘எப்போது பேச முடியும்’ என்ற வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன். விண்மீன்கூடு கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்கலாம் என்று நினைக்கிறேன், அவர் என்ன எழுதுவார் என்று எனக்கே தெரியவில்லை. பேசிவிட்டு வந்து இங்கேயே தொடர்கிறேன்.